பாலத்தின் நெற்றியில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் எஞ்சினியர் புருனல் என்றதும் லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்துச் சிலையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நல்ல சிலைதான். ஆனால் அவரைப் பார்க்க நான் போகச் சொல்லும் இடம் தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் நகருக்கு மேற்கே, டேமர் ஆற்றின் மேல் நிற்கும் ராயல் ஆல்பர்ட் ரயில் பாலம். அதன் இரண்டு முனைகளிலும், ரயில் நுழையும் வளைவுக்கு மேலே, 'ஐ. கே. புருனல், எஞ்சினியர், 1859' என்று பெரிய எழுத்துகள். அவர் இறந்தபின் ரயில் கம்பெனி வைத்த நினைவுச்சின்னம் இதுதான். அதன் அடியில் இன்றும் ரயில் போகிறது. சிலைக்கு அடியில் என்ன போகிறது, சொல்லுங்கள்?

இந்தப் பாலத்தின் அமைப்பைப் படமில்லாமல் விளக்க முடியாது, விட்டுவிடுவோம். ஒரே ஒரு நாளை மட்டும் நினைத்துப் பாருங்கள்: 1857 செப்டம்பர் 1. பாலத்தின் ஒரு பகுதியாகக் கரையில் செய்து முடித்த இரும்புச் சட்டம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. அதை மிதவைகளில் ஏற்றி நடு ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். கடல் ஏற்றத்தில் ஆறு உயரும்போது சட்டமும் உயரும். வற்றும்போது தூண்களின் மேல் தானாக உட்கார்ந்துவிடும். நேரம் தப்பினால் போச்சு. இரு கரையிலும் ஆயிரக்கணக்கான ஜனம். யாரும் சத்தம் போடக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். புருனல் சட்டத்தின் மேலேயே மேடை போட்டு நின்று, கொடியசைத்து உத்தரவு கொடுத்தார். கத்தல் இல்லை, கூப்பாடு இல்லை, வெறும் கொடிகள்! இங்கே ஒரு தேர் திரும்பும்போது எத்தனை பேர் எத்தனை திசையில் கத்துகிறோம்! சட்டம் தூணில் உட்கார்ந்த பிறகுதான் பேண்டு முழங்கியது, கூட்டமும் வாயைத் திறந்தது.

அப்புறம் அதை ஜாக்கி வைத்து மூன்று மூன்று அடியாக உயர்த்தி, அடியில் தூணைக் கட்டிக்கொண்டே போனார்கள். 1859 மே 2 அன்று இளவரசர் ஆல்பர்ட் திறந்து வைத்தார். புருனல் வரவில்லை, கடும் நோய். பின்னொரு நாள் திறந்த வண்டியில் கட்டில் போட்டு, படுத்தபடியே மெல்லப் பாலத்தைக் கடந்தார். அந்த செப்டம்பரில் 53 வயதில் காலமானார்.

நேரம் ஆகிவிட்டதென்று இங்கே கை காட்டுகிறார்கள். நடுத் தூணுக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்றில் மனிதர்கள் வேலை செய்த கதையைச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும்: எழுத்துகளை நன்றாகப் பார்க்க ரயிலில் போகாதீர்கள், உள்ளிருந்து தெரியாது. பக்கத்திலேயே 1961இல் திறந்த சாலைப் பாலத்தில் நடைபாதை இருக்கிறது, அதில் நடந்து போங்கள். வணக்கம்.