சிசேரியனுக்குப் பின் வரும் வலியும் நரம்புத் தடுப்பு ஊசியும்

[காட்சி: புதுச்சேரியில் ஒரு மகப்பேறு வார்டு. கட்டிலில் தாய், பக்கத்தில் குழந்தை.]

குரல்: சிசேரியன் முடிந்த அன்று இரவு, குழந்தைக்குப் பால் கொடுக்க ஒருக்களித்துப் படுக்க முயலும் தாய்க்குத் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்கும். "ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளம்மா" என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் வலிக்குப் பயந்து தாய் எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. பால் கொடுப்பதும் சிரமமாகிறது.

அறுவைக்காக முதுகில் போடப்படும் ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும். அந்த ஊசியிலேயே மிகச் சிறிய அளவு மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணியைச் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு நாள் வரை வலி அடங்கியிருக்கும்; அரிப்பும் குமட்டலும் பலருக்கு வரும். மார்ஃபின் கொடுக்க இயலாத தாய்மாருக்கே, வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கச் செய்யும் நரம்புத் தடுப்பு ஊசி அதிகம் பயன்படுகிறது.

[காட்சி: அல்ட்ராசவுண்ட் திரை. வயிற்றின் பக்கச் சுவர்.]

குரல்: திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று தசைப் பட்டைகள் தெரிகின்றன. நடுப் பட்டைக்கும் உள் பட்டைக்கும் இடையில்தான் அடிவயிற்றுச் சுவருக்கு உணர்வு தரும் நரம்புகள் ஓடுகின்றன. மயக்கவியல் மருத்துவர் ஊசி முனையைத் திரையில் பார்த்தபடியே அங்கே கொண்டு சென்று மருந்தைச் செலுத்தும்போது, இரண்டு பட்டைகளும் மெல்ல விலகி நடுவில் கருமையாக ஓர் இடைவெளி விரிவதைக் காணலாம். 2001ஆம் ஆண்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நரம்புத் தடுப்பு முறைக்கு டாப் பிளாக் (TAP block) என்று பெயர். பொதுவாக ரோபிவகெய்ன் அல்லது புபிவகெய்ன் என்ற மரக்கச் செய்யும் மருந்து, வயிற்றின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 20 மில்லி செலுத்தப்படுகிறது.

தாயின் எடையைக் கணக்கிட்டே மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். அளவு மிஞ்சினாலோ இரத்தக் குழாயில் இறங்கினாலோ நாக்கு மரத்துப்போகும், காதில் இரைச்சல் கேட்கும், வலிப்பும் வரக்கூடும்; அப்படி ஏதேனும் தோன்றினால் தாய் உடனே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊசி தோல், தசை ஆகியவற்றின் வலியைத்தான் குறைக்கும். பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்குவதால் வரும் வலியை அது தொடாது. ஆகவே பாராசிட்டமாலும், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரையும் வலி வந்த பிறகு கேட்டு வாங்காமல் நேரம் தவறாமல் தரப்பட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

[காட்சி: செவிலியர் கைத்தாங்கலாகத் தாயை எழுப்புகிறார்.]

குரல்: சில சமயம் மருந்து பரவி தொடைத் தசை தளர்வதுண்டு, எனவே முதல் முறை தனியாக இறங்க வேண்டாம். அடங்கியிருந்த வலி திடீரெனக் கடுமையானால், அல்லது காய்ச்சலோ அதிக இரத்தப்போக்கோ கண்டால், ஊசியின் வேகம் குறைந்துவிட்டது என்று நீங்களாகவே எண்ணிக்கொள்ளாமல் உடனே செவிலியரை அழையுங்கள்.