எழுத்தில் தங்கிய மணல்

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரைக்குக் கேமராவோடு போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

கிளம்பும்போது என் மனதில் இருந்ததெல்லாம் எத்ரெதா ஊர்தான். கடல் அரித்தரித்துக் குடைந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வளைவு, பக்கத்திலேயே ஊசிபோல ஒற்றைப் பாறை. ஓவியர் மோனே 1880களில் திரும்பத் திரும்ப வந்து வரைந்த கரை அது. படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் ஊருக்குத் திரும்பியபின் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அவற்றை அல்ல.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகளில் ஒன்று ஒமாஹா. அதற்கு மேலே மேட்டில், கொல்வில் என்ற இடத்தில், அமெரிக்க வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 9,300க்கும் அதிகமான வெள்ளைப் பளிங்குக் கற்கள். எல்லாம் மேற்கே, அவர்களுடைய நாடு இருக்கும் திசையைப் பார்த்து நிற்கின்றன.

நான் போனது காலையில். வெயில் கல்லின் முதுகில் விழ, பெயர் பொறித்த பக்கம் நிழலில் கிடந்தது. கேமரா காட்டிய வெளிச்ச அளவில் எடுத்தால் பளிங்கு சாம்பலாக வந்தது. சரி என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். கல் வெளுத்து, எழுத்தே காணாமல் போயிற்று. வெள்ளைக் கல்லில் வெட்டிய வெள்ளை எழுத்து அல்லவா?

அப்போது பக்கத்து வரிசைக்கு ஒரு வயதான அம்மாவை அழைத்துக்கொண்டு பணியாளர் ஒருவர் வந்தார். கையில் சின்ன வாளி. மண்டியிட்டு, ஈர மணலை அள்ளிக் கல்லில் தேய்த்து, ஸ்பாஞ்சால் துடைத்தார். எழுத்தின் பள்ளங்களில் மட்டும் மணல் தங்கியது. பெயர், படைப்பிரிவு, மாநிலம், இறந்த தேதி எல்லாம் பழுப்பு நிறத்தில் எழுந்து வந்தன. கீழே ஒமாஹா கரையிலிருந்து கொண்டுவந்த மணல் அது. குடும்பத்தார் எடுக்கும் படத்தில் பெயர் தெரிய வேண்டும் என்று அங்கே அப்படிச் செய்கிறார்கள். மழையில் கரைந்துவிடும்.

அந்த அம்மா ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டார். விரலில் ஒட்டிய மணலைத் தட்டவில்லை. கைக்குட்டையில் துடைத்து மடித்து வைத்துக்கொண்டார். என் கை கேமராவுக்குப் போனது. எடுக்க மனம் வரவில்லை. இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் புவான்ட் து ஹோக் போனேன். ஏறக்குறைய 30 மீட்டர் செங்குத்துப் பாறையில் அதே ஜூன் 6 அன்று கயிறும் ஏணியுமாக அமெரிக்க வீரர்கள் 225 பேர் ஏறிய இடம். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு போரிடும் நிலையில் மிஞ்சியவர்கள் சுமார் 90 பேர். குண்டு விழுந்த பள்ளங்களில் இன்று புல் மூடியிருக்கிறது. லா காம்ப் என்ற இடத்தில் இருப்பது ஜெர்மன் வீரர்களின் கல்லறைத் தோட்டம். அங்கே கிடப்பவர்கள் சுமார் 21,000 பேர். தரையோடு பதித்த கற்களில் பிறந்த தேதியும் உண்டு. கழித்துப் பார்த்தால் பத்தொன்பது, இருபது. அங்கே போகாமல் திரும்பிவிடாதீர்கள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மறுபடி கொல்விலுக்குப் போனேன். மேற்கு வெயில் இப்போது பெயர்களின் மேல் நேராக விழுந்தது. இரவு பெய்த தூறலில் அந்தக் கல்லின் மணல் பெரும்பாலும் போயிருந்தது. இரண்டு எழுத்துகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம். ஒரே ஒரு படம் எடுத்தேன்.