சுகர் இருக்கா? வலிக்காத காலைத்தான் கவனிக்கணும்

[காட்சி: வீட்டு வாசல். ஒரு கால்ல மட்டும் செருப்போட உள்ளே வர்றார் ஒருத்தர்.]

வர்ற வழியில ஒரு செருப்பு கழன்டு விழுந்திருக்கு. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியுது. மறதின்னு வீட்ல சிரிப்பாங்க. சுகர் இருக்கிறவருக்கு இப்படி நடந்தா, பாதம் மரத்துப்போச்சான்னு உடனே சோதிக்கணும்.

[காட்சி: முதுகுத்தண்டிலிருந்து விரல் நுனி வரை நரம்பு, வரைபடம்.]

ரத்தத்துல சர்க்கரை வருஷக்கணக்கா ஏறியே இருந்தா, உடம்புலேயே நீளமான நரம்புகள்தான் முதல்ல கெடும். அதனாலதான் எரிச்சலும் மதமதப்பும் கால் விரல் நுனியில ஆரம்பிச்சு மேல ஏறுது. வலியைச் சொல்ற நரம்பு மட்டுமா? வியர்வைக்கான நரம்பும் கெட்டு, பாதம் காய்ஞ்சு பித்தவெடிப்பு வரும். பாதத்துல இருக்கிற சின்னத் தசைகள் இளைச்சு விரல்கள் கொக்கி மாதிரி வளையும். அப்போ நடக்கிற பாரம் விரலுக்குக் கீழே இருக்கிற மேட்டுல விழுந்து, அங்க தோல் தடிச்சுக் காய்ப்பு பிடிக்கும்.

[காட்சி: காய்ப்பு, மிக அருகில்.]

இந்தக் காய்ப்பை நல்லா பாருங்க. செருப்புக்குள்ள மாட்டின கூழாங்கல் மாதிரி இது ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற சதையை நசுக்குது. நடுவுல கருஞ்சிவப்பா ஒரு புள்ளி தெரியுதா? அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு, புண் ஆரம்பிச்சிருக்கலாம். பிளேடு வெச்சுச் சீவாதீங்க. கால் ஆணி பிளாஸ்டரும் வேண்டாம். அதுல இருக்கிற ஆசிட் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும்.

[காட்சி: கண்ணை மூடிப் படுத்திருப்பவர். மகள் விரலைத் தொடுகிறாள்.]

வீட்லயே ஒரு சோதனை. கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல்: ரெண்டு கால்லயும் சேர்த்து 6 நுனி. ஆள்காட்டி விரலால இறகு பட்ட மாதிரி 1, 2 நொடி தொடணும். அழுத்தக்கூடாது, தடவக்கூடாது, அதே விரலைத் திரும்பத் தொடக்கூடாது. 2 இடமோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. அங்க 10 கிராம் அழுத்தத்துல வளையுற நைலான் இழையால உறுதி செய்வாங்க. அறிகுறி ஒண்ணுமே இல்லாட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பரிசோதனை தேவை.

[காட்சி: தரையில் கண்ணாடி, அதன் மேல் பாதம்.]

தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில பாருங்க. விரல் இடுக்குல வெள்ளையா ஊறியிருந்தா சேற்றுப்புண். கழுவினதும் இடுக்கை ஒத்தித் துடைங்க. தேங்காய் எண்ணெயைப் பாதத்துல தடவலாம், இடுக்குல கூடாது. வெந்நீர்ல கால் ஊறப்போடவே வேண்டாம். நகத்தை நேரா வெட்டுங்க. செருப்பு சாயங்காலம் வாங்குங்க, அப்போதான் கால் வீங்கின அளவு தெரியும். பின்னால வார் வெச்ச எம்.சி.ஆர். (மெத்துன்னு இருக்கிற ஒரு வகை ரப்பர்) செருப்பு நல்லது. போடுறதுக்கு முன்னாடி கையை விட்டுப் பாருங்க, சின்னக் கல் இருந்தாலும் காலுக்குத் தெரியாது. மத்தியான வெயில்ல கோயில் பிரகாரம் சுத்தணும்னா கெட்டி சாக்ஸ் போட்டுக்கங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.

புண் வந்துட்டா? சுத்தமான தண்ணியில கழுவி, துணி வெச்சு மூடி, மறுநாளுக்குள்ள டாக்டரைப் பாருங்க. மருந்து கட்டியும் ஆறலைன்னா, பல நேரம் காரணம் அந்தக் காலை ஊனி நடக்கிறதுதான். பாரம் இறங்காம அந்தப் புண் மூடாது. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கான்னும் பார்க்கணும். பீடி, சிகரெட் அந்த அடைப்பை வேகமா கொண்டுவரும். சுகரும் கட்டுக்குள்ள வரணும்: பெரும்பாலானவங்களுக்கு வெறும் வயித்துல 80–130, எச்.பி.ஏ.1.சி. (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்துக்குள்ள, வயசானவங்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார்.

[காட்சி: இரண்டு பாதங்கள். ஒன்று மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது.]

கடைசியா, அடிக்கடி தவறவிடுற ஒண்ணு. புண்ணே இல்லாம ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டா சூடா இருக்கு; வலி பெருசா இல்லை. சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவி விடுவாங்க. ஆனா உள்ளே எலும்பு நொறுங்கிட்டு இருக்கலாம். சார்கோ பாதம்னு பேரு. ஆரம்பத்துல எக்ஸ்ரே நார்மலாவே வரலாம். அப்படி வந்தாலும், டாக்டர் சொல்ற வரைக்கும் அந்தக் காலைத் தரையில ஊனாதீங்க.