சிப்புக்குள் கம்பி போகும் வழி

(மலேசியாவின் பாடாங் செராயில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

தலைவர் அவர்களே, பெற்றோர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஊக்கமூட்டும் தன்முனைப்பு உரை ஒன்று வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அது வராது. நான் பார்க்கிற வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கே இருக்கும் அக்காமாரில் சிலர் ஒரு காலத்தில் ஃபேக்டரி பஸ் ஏறி பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போனவர்கள். 1972இல் சிப் நிறுவனமான இன்டெல் பினாங்குக்கு வந்தது. அந்தக் காலத்திலிருந்தே நம் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பிலிருந்து வெளிக்காலுக்கு ஒட்டினார்கள். அது சிப்புக்கு வெளியே போகும் கம்பி. என் வேலை உள்ளே ஓடும் கம்பி. விரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பில் அது கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். மனிதன் உட்கார்ந்து வரைய முடியாது, மென்பொருள்தான் வரைகிறது. இதற்கு ரூட்டிங் என்று பெயர்.

எப்படி வரைகிறது? இந்த மண்டபத்துத் தரையிலேயே பார்த்துவிடலாம். டைல்ஸ் எல்லாம் சதுரம், நமக்கு வசதி. தம்பி, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உள்ள டைல்ஸில் சாக்பீஸால் ‘அ’ என்று எழுது. வாசல் பக்கம் ஒன்றில் ‘ஆ’ எழுது. தூணும் நாற்காலியும் உள்ள கட்டங்களில் போகக் கூடாது. இப்போது ‘அ’வைத் தொட்டபடி நாலு பக்கமும் உள்ள கட்டங்களில் 1 போடு. 1ஐத் தொடும் காலிக் கட்டங்களில் 2. அப்புறம் 3. நாற்காலி வந்தால் எண் தானாகச் சுற்றிக்கொண்டு போகும். ‘ஆ’வில் 14 விழுந்தது என்று வையுங்கள். அங்கிருந்து 13, 12, 11 என்று இறங்கி வந்தால் ‘அ’ வந்துவிடும். அதுதான் மிகக் குறுகிய வழி. வழி என்று ஒன்று இருந்தால் இந்த முறை அதைக் கண்டுபிடிக்காமல் விடாது.

இதை 1961இல் வெளியிட்டவர் பெல் ஆய்வுக்கூடத்தின் சி.ஒய். லீ. இன்றைய மென்பொருள்களின் அடியிலும் இதன் சாயல் இருக்கிறது. ஒரே குறை, தரை முழுக்க எண் போட வேண்டும். அன்றைய கணினியின் நினைவகம் அதற்குத் தாங்காது. 1967இல் ஏக்கர்ஸ் என்பவர் ஒரு தந்திரம் சொன்னார். 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 1, 1, 2, 2, 1, 1, 2, 2 என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதற்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் வேறு வேறாகத்தான் இருக்கும், எழுதிப் பாருங்கள். அதனால் திரும்பி வர வழி தெரியும். ஒரு கட்டத்துக்கு இரண்டு பிட் நினைவகம் போதும். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த யோசனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

1969இல் ஹைடவர் கட்டம் கட்டமாகப் பரவாமல் நீள நீளக் கோடுகளாக இழுத்துப் பார்த்தார். வேகம் கூடியது. ஆனால் வழி இருந்தும் சில சமயம் தவறவிட்டுவிடும்.

சரி, ஒரு கம்பி போட்டாயிற்று. இப்போது தங்கச்சி வேறு இரண்டு கட்டங்களில் ‘இ’, ‘ஈ’ என்று எழுதி, நீலச் சாக்பீஸால் ‘இ’யிலிருந்து ‘ஈ’க்கு வழி பார்க்கட்டும். முடியவில்லை, பார்த்தீர்களா? முதல் கம்பி குறுக்கே கிடக்கிறது. ஒரே அடுக்கில் வேறு வேறு கம்பிகள் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். நீலத்தை முதலில் போட்டிருந்தால் வெள்ளை மாட்டிக்கொள்ளலாம். யாருக்கு முதல் உரிமை என்று எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்று மாட்டிக்கொள்கிற இடங்கள் உண்டு. இத்தனைக்கும், இரண்டும் கொஞ்சம் வளைந்துகொடுத்தால் இரண்டுக்குமே வழி இருக்கும். ஒரு கம்பிக்கு வழி காண்பது 1961லேயே முடிந்த வேலை. அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் இந்த வரிசைச் சண்டைதான் என்பது என் கணிப்பு.

மாட்டிய கம்பிக்காகப் போட்டதைப் பிய்த்துவிட்டு மறுபடி போடுவது பழைய வழி. பிய்த்தது இன்னொன்றை அடைக்கும், அதைப் பிய்த்தால் வேறொன்று. முடிவே வராமல் சுற்றலாம்.

1995இல் மெக்மர்ச்சியும் எபலிங்கும் பாத்ஃபைண்டர் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். தைப்பூசத்துக்கு இங்கிருந்து பினாங்குத் தீவில் உள்ள தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருசம் எல்லாரும் பழைய பாலத்தில்தான் ஏறுவோம், அதுதான் கிட்ட. நெரிசலில் மாட்டுவோம். அடுத்த வருசம் பத்து காவான் பக்கம் வேலையுள்ளவர் இரண்டாவது பாலத்தில் போய்விடுவார். மோட்டார்சைக்கிள்காரப் பையன் ஃபெரியில் போவான். வேறு வழியே தோதுப்படாதவர் பழைய பாலத்திலேயே நிற்பார், இப்போது அவருக்கு இடம் கிடைக்கும். பாத்ஃபைண்டரும் முதல் சுற்றில் எல்லாக் கம்பிகளையும் அவையவற்றுக்குப் பிடித்த வழியில் விட்டுவிடுகிறது, மோதினாலும் பரவாயில்லை. பிறகு மோதிய இடங்களின் விலையை ஏற்றுகிறது. தொடர்ந்து நெரிசலான இடத்துக்குப் பழைய கணக்கையும் சேர்த்து விலை கூட்டுகிறது. மாற்று வழி சுலபமாக உள்ள கம்பி விலகிப் போகும், வேறு கதியில்லாத கம்பி அங்கேயே நிற்கும். சுற்றுக்குச் சுற்று மோதல் குறைகிறது.

எஃப்.பி.ஜி.ஏ. என்ற, செய்து முடித்த பிறகும் இணைப்புகளை மாற்றிக்கொள்ளக்கூடிய வகை சிப்புக்காக எழுதப்பட்ட முறை இது. ஆனால் 2007, 2008இல் ஐ.எஸ்.பி.டி. என்ற சிப் வடிவமைப்பு மாநாட்டில் நடந்த ரூட்டிங் போட்டிகளில் முன்னணிக்கு வந்த மென்பொருள்கள் பலவும் இந்த வழியில்தான் போயின.

மூன்று நான்கு முனைகளை ஒரே கம்பியால் சேர்க்க வேண்டுமென்றால் கதை இன்னும் கடினம். நடுவில் எங்கே கிளை பிரிப்பது? முனைகள் வழியாக நெடுக்கும் குறுக்கும் கோடு இழுத்து, அவை வெட்டும் புள்ளிகளில் மட்டும் தேடினால் போதும் என்று 1966இல் ஹானன் நிரூபித்தார். தேடும் இடம் குறைந்தது, சிரமம் தீரவில்லை. முனைகள் கூடக் கூட வேகமாகத் தீர்க்கும் பொதுவழி இன்றுவரை யாரிடமும் இல்லை. 1977இல் கேரியும் ஜான்சனும் இதை என்.பி. முழுமை என்ற கடின வகையில் சேர்த்துவிட்டார்கள்.

நிஜ சிப்பில் இப்படித் தரை ஒன்று மட்டுமல்ல, பத்துக்கும் மேற்பட்ட உலோக அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கில் கம்பிகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடினால் அடுத்ததில் வடக்கு தெற்காக ஓடும். இடையில் இறங்க வியா என்ற துளை. முதலில் சிப்பைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று முடிவு செய்வோம், அப்புறம்தான் நுணுக்கமாக வரைவது. ராத்திரி ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், கோடிக்கணக்கான இணைப்புகள் சரியாகப் போயிருக்கும். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் சிவப்புப் புள்ளிகள் நிற்கும், இடைவெளி விதி மீறியவை. செல்கள் எனும் சின்னச் சின்னச் சுற்றுகளை சிப்பில் அடுக்கி வைத்தவரிடம் போய், “அண்ணே, இந்த நாலையும் கொஞ்சம் தள்ளி வையுங்க” என்பேன். அவர், “தள்ளினா டைமிங் போயிடும்பா” என்பார், சிக்னல் நேரத்துக்குப் போய்ச் சேராது என்று அர்த்தம். என் பகல் பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசைத் தம்பி கையைத் தூக்கி ரொம்ப நேரமாகிறது, முதலில் அவர் கேட்கட்டும்.