மாநகராட்சி ஆன ஊர், ஒரு கவுன்சிலர்கூட இல்லை! வார்டு உறுப்பினர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

[திரை: ஓசூர் பேருந்து நிலையம், காலை நேரம்]

2019 பிப்ரவரி. ஓசூரை மாநகராட்சி ஆக்குவதாக அறிவிப்பு வருகிறது. கூடவே நாகர்கோவிலும். பலகையில் ‘நகராட்சி’ என்பதை அழித்து ‘மாநகராட்சி’ என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

சரி, ஒரு கேள்வி. அன்றைக்கு ஓசூரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் எத்தனை பேர் பதவியில் இருந்தார்கள்? மூன்று விநாடி தருகிறேன்.

ஒருவர்கூட இல்லை.

மண்டபத்தைப் பெரிதாக்கி, சீரியல் விளக்கும் போட்டாயிற்று. மாப்பிள்ளையை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

வணக்கம். வளர்ந்துகொண்டே போகும் ஒரு சின்ன நகரத்தில் கவுன்சிலராக இருப்பது எப்படிப்பட்ட வேலை, அவர் என்ன செய்யலாம், எது முடியாது என்பதுதான் இன்றைய பேச்சு. ‘கவுன்சிலர் ஒண்ணும் செய்யறதில்லை’ என்று கமென்ட் போடத் தயாராக இருப்பவர்கள் ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் தாராளமாகத் திட்டலாம்.

[திரை: ஒரு வரி காலக்கோடு. சீக்கிரம் நகரட்டும்]

வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடுவோம். சென்னை மாநகராட்சி 1688. ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் 1882. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நகர மன்றத்துக்கு ஆயுள் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2011-ல் வந்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்து இழுத்து, நகர்ப்புறங்களில் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்தே கால் வருடத்துக்கு மேல், அரசு நியமித்த தனி அலுவலர்களின் ஆட்சி. ஓசூர் மாநகராட்சி ஆனது அந்த இடைவெளியில்தான். மாநகராட்சியான மூன்று வருடம் கழித்துத்தான் 45 வார்டுக்கு 45 பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் வரலாறு. தூங்கியவர்கள் எழுந்துகொள்ளுங்கள்.

ஓசூரை ஏன் எடுத்தேன் என்றால், தமிழ்நாட்டில் ‘வீங்கிய சின்ன ஊர்’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வரும். சிப்காட் வந்தது, டிவிஎஸ் வந்தது, அசோக் லேலண்ட் வந்தது, டைட்டன் வந்தது. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். டீக்கடையில் ஒரே பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். 2001 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் சுமார் 84 ஆயிரம் பேர். மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜுஜுவாடி என்று சுற்றுப்புறங்களையும் சேர்த்து 2011 கணக்கைப் பார்த்தால் சுமார் 2.45 லட்சம்.

2022 தேர்தலுக்கு வார்டு எல்லை போட்டது அந்த 2011 தலைக்கணக்கை வைத்துத்தான். அதற்கு அப்புறம் குடிவந்த குடும்பம் வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடித்து, பிள்ளையை எட்டாவதும் சேர்த்திருக்கும். எல்லை போட்ட கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர்களும்தானே கவுன்சிலருக்குப் போன் போடுவார்கள்?

[திரை: தெருமுனை, தரையில் ஒரு இரும்பு மூடி. நெருக்கமாக]

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எடிட்டர் ‘நீளம், வெட்டு’ என்றார். வெட்டவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கவுன்சிலர் அக்கா இருக்கிறார். ஓசூர் இல்லை, வேறொரு நகராட்சி. பெயரும் ஊரும் வேண்டாம், அவருக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் தையல் கடை வைத்திருந்தவர். ‘ஒருநாள் உங்கள்கூடவே இருக்கிறேன் அக்கா’ என்று கேட்டேன். ‘காலையில அஞ்சரைக்கு வந்துருங்க தம்பி’ என்றார். நான் ஏதோ நடைப்பயிற்சி என்று நினைத்துப் போனேன்.

தெருமுனையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, கையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, தலைப்பக்கம் குறுக்கே பிடி. தரையில் இருந்த மூடியைக் கம்பி நுனியால் நெம்பித் திறந்தார். உள்ளே குழிக்குள் சேறு, ஒரு தவளை, அதற்கடியில் வால்வு. கம்பியை விட்டுத் திருக ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைகிறது, எண்ணுகிறார். பதினான்கு சுற்றில் நிறுத்திவிட்டார்.

“முழுசாத் திறக்கலையா அண்ணே?” என்று கேட்டேன்.

“முழுசாத் திறந்தா பள்ளத் தெருவே எல்லாத்தையும் குடிச்சிரும். மேட்டுத் தெருக்கு சொட்டுக்கூடப் போகாது. பதினாலு சுத்துதான் கணக்கு.”

இந்தக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நெற்றியில் விரலால் தட்டிக் காட்டினார். எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குப் பிரிகிறது, எந்த வால்வு பாதியில் சிக்கும், எந்த வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார், எல்லாம் அந்தத் தலைக்குள். அவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டபோது வார்டே காய்ந்துவிட்டதாம். அக்காவின் போனுக்கு ஒரே நாளில் நூற்றுப் பத்து அழைப்பு. கல்யாணத்துக்கு மொய் எழுதப் போன அக்கா, மணமேடைக்குப் பின்னால் பெண்ணின் அப்பாவான அந்த வால்வுக்காரரிடம் வால்வு சந்தேகம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

பதவிக்கு வந்த முதல் வருடம் அக்கா மன்றக் கூட்டத்தில்தான் சண்டை போட்டாராம். கலங்கிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் மேஜையில் வைப்பது, வெளிநடப்பு செய்வது, எல்லாம். பேப்பரில் படம் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்புறம்தான் வால்வுக்காரரிடம் போய், மேட்டுத் தெருவுக்கு அரை மணி நேரம் கூட விடச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் கேட்டதை அக்கா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்.

“விடறேன் அக்கா. பள்ளத் தெருக்காரங்க என்னை அடிக்க வந்தா நீங்க வந்து நிப்பீங்களா?”

நின்றிருக்கிறார். ஒரு வாரம், தினமும் காலை ஐந்தரைக்கு. இரண்டு தெரு ஆட்களையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து, நாற்பது பக்க நோட்டில் முறை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். நோட்டைப் பார்த்தேன். அட்டையில் விண்வெளி வீரர் படம், உள்ளே ‘திங்கள் மேடு, செவ்வாய் பள்ளம்’. இந்த மாதிரி நோட்டுக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் கிடையாது. என்னைக் கேட்டால், அந்த வார்டில் அந்த ஐந்து ஆண்டில் நடந்த பெரிய வேலை அதுதான். ஊர் வளர்கிறது, தொட்டி வளரவில்லை. அதே தண்ணீரை இன்னும் நாலு தெருவுக்குப் பிரிக்க வேண்டும். ‘உனக்கு இன்று இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் தேவை. நகராட்சிக் கமிஷனர் அதைத் தெருவில் வந்து சொல்லமாட்டார், எம்.எல்.ஏ. சொல்லவே மாட்டார்.

[திரை: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர் யார் தெரியுமா? ராஜாஜி. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். பின்னாளில் எதிரெதிர் மேடையில் நின்ற இரண்டு நண்பர்கள், ஒருகாலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊரில் சாக்கடைக் கோப்பையும் குழாய்க் கோப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! ஈரோட்டுக்குக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தது பெரியாரின் பெயர் சொல்லும் வேலை. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி 1940-ல் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் போடவைத்தார். அது திறந்தது 1944-ல். அவர் 1943-லேயே இறந்துவிட்டார். மேயராக இருந்ததோ ஒரே வருடம்.

ஓசூருக்கு இப்போது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். 2013-ல் தொடங்கிவைத்த திட்டம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் காவிரியை ஒகேனக்கலிலிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். பெரிய திட்டம் வந்தாலும் கடைசியில் அந்தத் தண்ணீர் ஒரு தெருவுக்குப் போக யாராவது ஒருவர் வால்வைத் திருகித்தானே ஆகவேண்டும்?

[திரை: கால்குலேட்டர்]

சரி, சம்பளம். சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000, நகராட்சி என்றால் 5,000, பேரூராட்சி என்றால் 2,500. அக்காவுக்கு 5,000. வார்டில் மாதம் எத்தனை காதுகுத்து, எத்தனை சாவு, எத்தனை மாலை என்று கூட்டிப் பார்த்தேன். மாலைக்கே சரியாகிவிடுகிறது. ‘அப்புறம் எதற்குத்தான் இப்படி முட்டி மோதி நிற்கிறார்கள்?’ என்று கேட்கிறீர்கள், கேட்கிறது. அந்த ‘மேல் வருமானம்’ இருக்கும் ஊரும் உண்டு, நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கார் கண்ணாடியில் ‘கவுன்சிலர் கணவர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு மனைவியின் நாற்காலியை ஓட்டுகிறவர்களும் உண்டு. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன், அப்போது என்னைக் காப்பாற்ற வாருங்கள்.

அதிகாரம் எப்படி என்றால், எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒரு பை இருக்கிறது. பல ஊர்களில் கவுன்சிலருக்கு அப்படி எதுவும் இல்லை. பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், மன்றத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம் ஆக வேண்டும், டெண்டர், பணி ஆணை, அப்புறம் ஒப்பந்ததாரருக்கு மனசு வர வேண்டும். நடத்துவது கமிஷனர். கவுன்சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டியது கோப்பு இன்று யார் மேஜையில் என்பதுதான்.

வரி இன்னும் வேடிக்கை. 2022 பிப்ரவரியில் வீடு வீடாக ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று கும்பிட்டு ஓட்டு வாங்கினார்கள். மார்ச்சில் பதவி ஏற்றார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் சொத்து வரி உயர்வு! சென்னை தவிர மற்ற ஊர்களில் சின்ன வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். முடிவெடுத்தது மாநில அரசு, மன்றங்கள் தீர்மானம் போட வேண்டும். வரியை உயர்த்தியதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. சென்னையில் 1998-க்கும் மற்ற ஊர்களில் 2008-க்கும் பிறகு மாற்றாமல் வைத்திருந்ததை ஒருநாள் தொட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் பாவம், மாலை வாடுவதற்குள் திட்டு.

[திரை: மண் சாலை, நடுவில் பள்ளம், பக்கத்தில் மூன்று மாடி வீடு]

வளரும் ஊரில் கவுன்சிலர் அதிகம் திட்டு வாங்கும் இடம் புது லேஅவுட். ஐம்பது லட்சம் போட்டு வீடு, வாசலில் முழங்கால் சேறு. ‘ரோடு போடுங்க’ என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மனை பிரித்தவர் அந்தச் சாலையை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருந்தால்தான் அது ஊர்ச் சாலை. இல்லையென்றால் சட்டப்படி இன்னும் தனியார் நிலம், அதில் அரசுப் பணத்தில் ஒரு ஜல்லிகூடக் கொட்ட முடியாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் இந்தக் குழப்பத்தைப் பிரிக்கத்தான். மனை வாங்கும்போது பத்திரத்தோடு அந்தச் சாலைத் தானப் பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். இந்த வீடியோவில் உங்களுக்குப் பணம் மிச்சமாகும் ஒரே வாக்கியம் இது. இதற்காகவாவது ஒரு லைக் போடலாம்.

ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது, 2022 நவம்பர் 1-லிருந்து கூடுகிறது. கிராம சபை மாதிரி, உங்கள் வார்டுக்குள். போயிருக்கிறீர்களா? நானும் ஒருமுறைதான் போனேன். பிஸ்கட் நன்றாக இருந்தது, கூட்டத்தில் பதினேழு பேர். அக்கா அந்த நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். யாரோ ஒரு பாட்டி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமைக்கு எங்க சந்து பேரே இல்லையேம்மா” என்றார். அக்கா பேனாவை எடுத்து அங்கேயே எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வால்வுக்காரர் முகத்தைப் பார்த்தேன். உதடு அசைகிறது. சுற்றை மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வார்டு எண் எத்தனை? கூகுளில் தேடாமல் கமென்ட்டில் போடுங்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.