மேக்கப் போடும் முன் சருமத்தை எப்படித் தயார் செய்வது?

[காட்சி: ஒரு முகம், மிக அருகில். மூக்கோரத்தில் ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாக நிற்கிறது.]

இந்த மூக்கோரத்தைப் பாருங்கள். ஃபவுண்டேஷன் நல்லதுதான், போட்டவரும் கை பழகியவர்தான். கோளாறு அடியில் இருக்கிறது. தோல் காய்ந்து உரிந்திருக்கும் இடத்தில் ஃபவுண்டேஷன் போய் அப்பிக்கொள்ளும். மேலே மேலே தடவினால் இன்னும் எடுப்பாகத் தெரியுமே தவிர, மறையாது.

அதனால் மேக்கப்பை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வேலையை மட்டும் பார்க்கலாம். விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணிப் பழகுங்கள்.

[காட்சி: நாட்காட்டியில் ஒரு தேதி வட்டமிடப்பட்டிருக்கிறது.]

தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இளம் வயதில் சுமார் 28 நாள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடும். புதிய சீரமோ கிரீமோ தொடங்குவதென்றால் குறைந்தது ஒரு மாதம் கையில் இருக்கட்டும். அதிலும் முதலில் முழங்கை மடிப்பில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை பல நேரம் அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சிவந்து அரிக்கும். கடைசி வாரத்தில் புதுப் பொருள் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். யார் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி, விசேஷம் முடிந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

ஃபேஷியலை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். த்ரெடிங், வேக்சிங் இரண்டு மூன்று நாள் முன்பு. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைக் கிரீம்) போடுபவர்கள் வேக்சிங்குக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மெழுகோடு தோலும் உரிந்து வரலாம். ஸ்க்ரப் செய்வதும் இரண்டு மூன்று நாள் முன்போடு சரி. எலுமிச்சைச் சாறும் பேக்கிங் சோடாவும் எந்த நாளிலும் முகத்துக்கு வேண்டாம்.

பரு வந்துவிட்டதா? கிள்ளாதீர்கள். சிவப்பை கன்சீலர் மறைத்துவிடும். கிள்ளியதால் வந்த பொருக்கை எந்த மேக்கப்பாலும் மறைக்க முடியாது. துணியில் சுற்றிய ஐஸை சில நிமிடம் வையுங்கள், இரவில் பிம்பிள் பேட்ச் (பருவின் மேல் ஒட்டும் சிறு ஸ்டிக்கர்) ஒட்டுங்கள். பெரிதாக, வலியோடு இருந்தால் தோல் மருத்துவரிடம் போகலாம். அவர் போடும் சிறு ஊசியில் பெரும்பாலும் ஓரிரு நாளில் வற்றிவிடும்.

[காட்சி: அன்றைய காலை. ஈர முகம், டவலால் ஒற்றியெடுக்கும் கை.]

சரி, அந்த நாள் வந்துவிட்டது. வெதுவெதுப்பான நீரில், மென்மையான கிளென்சர் போட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியும் சருமத்துக்கும் இது தேவை, ஜெல் வகையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் பொறுமை. எல்லோரும் தவறவிடுவது இங்கேதான்.

[காட்சி: கன்னத்தில் விரல் தேய்க்கிறது. சிறு சிறு வெள்ளைத் துகள்கள் உருண்டு வருகின்றன.]

அழிப்பான் துகள் போல உருண்டு வருகிறதே, அது அழுக்கு இல்லை. கீழ் அடுக்கு காய்வதற்குள் மேலே இன்னொன்றைத் தேய்த்ததால் வந்தது. அளவு கூடினாலும் வரும், ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களாலும் வரும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பிரைமரின் மூலப்பொருள் பட்டியலில் டைமெத்திகோன் முதல் சில பெயர்களுக்குள் இருந்தால் அது சிலிக்கோன் வகை. அதன் மேல் தண்ணீர் வகை ஃபவுண்டேஷன் சில சமயம் நிற்காமல் வழுக்கும். எனவே ஒவ்வொரு அடுக்குக்கும் ஐந்து நிமிடமாவது கொடுங்கள், தேய்க்காமல் விரலால் அழுத்தி வையுங்கள். நீங்கள் போடப்போகும் அதே வரிசையை முந்தைய வாரமே தாடை ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் அன்று பதற்றம் இருக்காது.

பகல் நிகழ்ச்சி என்றால் மாய்ஸ்சரைசருக்குப் பின் சன்ஸ்கிரீன், அதன் மேல் பிரைமர். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கக்கூடும், படத்தில் முகம் மட்டும் வெளுத்து விழலாம். ஒத்திகை நாளில் இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் உதடு. முகம் கழுவியதுமே வாஸ்லின் தடவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். லிப்ஸ்டிக் முறை வரும்போது டிஷ்யூவால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அந்தப் பிசுக்கு மிச்சமிருந்தால் லிப்ஸ்டிக் ஓரத்தில் வழியும்.

மேக்கப்புக்கு ஆள் வருகிறார் என்றால், உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது, முகத்தில் ஏற்கெனவே என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை அவர் பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.