ஜோசியம் வேண்டாம், பார்த்தால் போதும்

நடுவர் அவர்களே, வணக்கம். ஆண்களின் மனச்சோர்வு தெரியாமல் போவது அவர்கள் மறைப்பதாலா, நாம் பார்க்கத் தவறுவதாலா என்பது தலைப்பு. "ஆம்பளைங்க வாயே திறக்கிறதில்லை, நாங்க என்ன ஜோசியமா பார்க்க முடியும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தோழி. ஜோசியம் வேண்டாம் அம்மா, அவன் மறைக்கவே இல்லை!

அழுதால்தான் சோகம் என்று நாம் பழகிவிட்டோம். அவனுக்கு அது எரிச்சலாக வருகிறது. செருப்பு இடம் மாறிக் கிடந்தால் கத்துகிறான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் அரை மணி நேரம் சீட்டிலேயே இருக்கிறான். கேட்டால் "போன் பேசிட்டிருந்தேன்" என்கிறான். போன் சட்டைப் பையில் இருக்கிறது. முதுகுவலி, தலைவலி என்று மாத்திரை போடுகிறான். குடி கூடுகிறது. லீவு நாளிலும் ஆபீஸ் வேலை. இத்தனையும் நம் கண்முன்னே நடக்கிறது. நாம் வைக்கும் பெயர் என்ன? "திமிர்."

ஸ்வீடனில் காட்லாண்ட் என்று ஒரு தீவு. 1983-84இல் அங்குள்ள பொது மருத்துவர்களுக்கு மனச்சோர்வைக் கண்டறியப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலைகள் குறைந்தன. ஆனால் குறைந்தது பெண்களிடம்தான். ஆண்களிடம் பெரிய மாற்றமில்லை. ஆண்கள் டாக்டரிடமே போகவில்லை என்பது ஒரு காரணம். சரி, அந்த ஒரு மார்க்கை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள். இன்னொரு காரணம், கோபத்தையும் குடியையும் யாரும் மனச்சோர்வோடு சேர்த்துப் பார்க்காதது. அப்புறம்தான் இவற்றையும் கேட்கும் தனிக் கேள்வித்தாள் ஆண்களுக்கென உருவானது. பயிற்சி பெற்ற மருத்துவர் கண்ணுக்கே தப்பியது, நடுவர் அவர்களே! உலக அளவில் மனச்சோர்வுக் கணக்கில் பெண்கள் அதிகம். தற்கொலையில் இறப்போரில் ஆண்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இரண்டு கணக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று எதிரணி சொல்லட்டும்.

"கேட்டோமே, ஒண்ணுமில்லைன்னுட்டான்" என்பார்கள். என்ன கேட்டீர்கள்? "ஏன் இப்படி எரிஞ்சு விழறே?" அது விசாரணை. "ரெண்டு வாரமா நீ சரியா தூங்கவே இல்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் என்பது மருத்துவர்களும் பார்க்கும் கணக்குதான். சாகிற எண்ணம் வருதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்றால் அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.